பதினோரு மணிப் பேய்

புனித பர்த்தலோமேயு கல்லூரிக்குக் கமிட்டி என்றால் உயிர். கேன்டீன் வடை சிறுத்துப்போனதற்கு ஒரு கமிட்டி, கொய்யா மரத்தில் கல்லெறிகிறவனைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி, மற்ற கமிட்டிகள் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்க ஒரு கமிட்டி. கொய்யா மரம் பட்டுப்போய், வெட்டி விறகாக்கி, எரித்தும் ஆயிற்று. அதன் கமிட்டி மட்டும் மாதாமாதம் கூடி டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கலைகிறது. அப்படிப்பட்ட இடத்துக்குள் ஒரு பேய் நுழையப் பார்த்தால் லேசில் விட்டுவிடுவார்களா?

பேயைக் கூட்டிவந்தவன் பிலோமின்ராஜ். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் அற்புதசாமியின் ஒரே மகன். எண்பத்தைந்தாம் வருஷம் அது. திருச்சி முழுக்க வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்து, மறுநாள் ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்த காலம். கல்லூரியும் காலத்தோடு ஓட வேண்டுமே என்று ‘காட்சித் தொடர்பியல் பட்டயம்’ என்று ஒரு வருஷப் படிப்பை ஆரம்பித்தது. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். படிப்புக்குக் கேமரா மட்டும் கிடையாது. கரும்பலகையில் கேமராவை வரைந்து பாடம் நடத்தினார்கள். லென்ஸ் எங்கே என்று கேட்டால் பையன்கள் எழுந்து வந்து கரும்பலகையைச் சரியாகத் தொட்டுக் காட்டுவார்கள். தொட்ட விரலில் சாக்பீஸ் ஒட்டும், லென்ஸைத் தொடக் கூடாது என்று வாத்தியார் திட்டுவார்.

அற்புதசாமி மகனிடம் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒரு வருஷம் விடுறேன். சர்ட்டிபிகேட்ட கைல வாங்கிட்டு வந்தீன்னா மெட்ராஸ் போ, எங்க வேணா போ, நான் குறுக்க நிக்கமாட்டேன். வாங்கலன்னா தை மாசத்துலேர்ந்து மண்டில வந்து உக்காரணும். அப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது."

மண்டி என்றாலே பிலோமின்ராஜுக்கு ஆகாது. கோழி கூவுமுன் லாரி வரும். மூட்டை இறக்குகிறவர்களோடு கத்த வேண்டும். என்ன சோப்பு போட்டாலும் வெங்காய வாடை போகாது, ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுப்பார்கள். அவனுக்கு மெட்ராஸ் போய் ஒரு கேமராமேனுக்கு உதவியாளாக, கேபிள் சுற்றவாவது, நின்றுவிட வேண்டும். அதற்குத் தேவை அந்த ஒரே ஒரு சர்ட்டிபிகேட்.

சர்ட்டிபிகேட்டுக்குக் கடைசித் தேர்வு ஒரு செயல்முறை: ‘மக்கள் மனதில் நின்ற ஒரு சினிமாக் காட்சியை மறுபடி படமாக்கிக் காட்டுக.’ மற்றப் பையன்கள் விவரமானவர்கள். ஒருவன் கோர்ட் காட்சி எடுத்தான், ஒருவன் தாய் சாகும் காட்சி எடுத்தான், இரண்டுக்கும் நாற்காலியும் கட்டிலும் போதும். பிலோமின்ராஜை மட்டும் ஆசை விடவில்லை. ஸ்ரீரங்கத்துக் கொட்டகையில் மூன்று தடவை பார்த்த ஒரு பேய்ப் படத்தின் காட்சி அவன் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. பழைய பங்களா. ராத்திரி. மாடிப்படியில் ஒருவன் இறங்கி வருகிறான். கீழேயிருந்து வெள்ளைப் புடவையில் ஒருத்தி ஏறி வருகிறாள். பாதம் தெரியவில்லை. "மணி என்னங்க?" என்று கேட்கிறாள். அவன் வாட்சைப் பார்த்துச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் படியில் யாரும் இல்லை. அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த இடத்தில் கொட்டகையில் வேர்க்கடலை கொறிக்கிற சத்தம்கூட நின்றுபோகும்.

கேமராவுக்கு ஏற்பாடு செய்தாயிற்று. தில்லை நகரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஜெகபர் அலி நல்ல மனுஷர். மார்கழி பிறந்துவிட்டது, இந்துக் கல்யாணம் கிடையாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் வேதக்காரர்களும் தாலி கட்ட மாட்டார்கள். கேமரா பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்க தம்பி. ஆனா செவ்வாக்கிழமை ஒருநாள்தான். புதன்கிழமை ஏகாதசி வேலைக்கு ஸ்ரீரங்கம் போயிடும். அப்புறம் அழுது புரண்டாலும் கிடைக்காது" என்றார்.

இனி அனுமதி வாங்க வேண்டியதுதான் பாக்கி. பிலோமின்ராஜ் முதல்வர் ஃபாதர் செபஸ்தியான் அறைக்குப் போனான். வெள்ளை அங்கியும் கனத்த புருவமுமாக ஃபாதர் நிமிர்ந்தார்.

"ஃபாதர், பேய் ஒண்ணு..."

"பேயா? நம்ம காலேஜ்லயா? யார் விட்டா உள்ள?"

வாட்ச்மேனைக் கூப்பிட மணியடிக்கப் போனவரைத் தடுத்து, விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பிலோமின்ராஜுக்கு வேர்த்துவிட்டது. புரிந்ததும் ஃபாதர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப கமிட்டி போட்டுடலாம்" என்றார்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஃபாதர் செபஸ்தியான். அடுத்தவர் சமஸ்கிருதத் துறைத் தலைவர் சம்பத்குமாராச்சாரியார், ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர். கோயிலில் பகல்பத்து உற்சவம் நடக்கிற சமயம், அரையர் சேவைக்குப் போக வேண்டும் என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் உடற்பயிற்சி இயக்குநர் வீரமலை. என்.சி.சி.யும் அவர்தான், கல்லூரியின் ஒழுக்கமும் அவர்தான். பிலோமின்ராஜ் எதிரே நின்றான். கமிட்டியின் முன் மாணவர்கள் உட்காருவதில்லை.

"முதல்ல ஒண்ணு தெளிவாகணும்" என்று ஃபாதர் ஆரம்பித்தார். "இந்தப் பேய் எந்த மதம்?"

பிலோமின்ராஜ் யோசிக்கவே இல்லாத கேள்வி. "அது... பேய் ஃபாதர்."

"கத்தோலிக்கப் பேயா இருந்தா மோட்சத்துக்குப் போயிருக்கணும். இல்ல நரகத்துக்குப் போயிருக்கணும். கணக்குத் தீராம இருந்தா உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கணும். மாடிப்படியில நிக்கிறதுக்குத் திருச்சபைல இடமே இல்ல. படம் வெளிய போனா மேற்றிராணியாருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இந்துப் பேய்னு வெச்சுக்கிட்டா..." என்று வீரமலை இழுத்தார்.

ஆச்சாரியார் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "க்ஷமிக்கணும். பேய்னு மொட்டையாச் சொன்னா எப்படி? பிரேதமா, பிசாசமா, பிரம்மரக்ஷஸா? ஒவ்வொண்ணுக்கும் லக்ஷணம் இருக்கு. பிரம்மரக்ஷஸ்னா வேதத்துல கேள்வி கேக்கும். மணி கேக்கறது எந்த சாஸ்திரத்துலயும் இல்லை. எங்காத்துப் பக்கம் தள்ளாதேங்கோ."

முஸ்லிம் பேய் என்று யாரும் வாய் திறக்குமுன் ஃபாதர் முந்திக்கொண்டார். "கேமரா தர்றவர் மனசு புண்படும்." அரை மணி நேரம் இப்படிப் போய், கடைசியில் தீர்மானம் எழுதினார்கள்: இந்தப் பேய் எம்மதத்தையும் சாராதது, இந்திய அரசியல் சாசனத்துக்கு உட்பட்டது.

அடுத்து, பேய் பொம்பளையாக இருப்பது. இது ஆண்கள் கல்லூரி. பெண் உள்ளே வரக் கூடாது.

"செத்துப்போன பொண்ணுதானே சார்" என்றான் பிலோமின்ராஜ்.

"செத்துட்டா ரூல் மாறிடுமா?" என்று வீரமலை கேட்டார். நியாயமான கேள்விதான்.

சரி, ஆண் பேய். பிலோமின்ராஜ் தன் சிநேகிதன் மூக்கனை நினைத்துக்கொண்டான். குழி விழுந்த கண், ஒட்டிப்போன கன்னம், மேக்கப் இல்லாமலே பாதிப் பேய். "வெள்ளைத் துணியத் தோள்லேர்ந்து தரை வரைக்கும் போத்திவிட்டுடலாம் ஃபாதர்" என்றான்.

தரை வரைக்கும் வெள்ளைத் துணி போர்த்திய ஆம்பளை அந்தக் கல்லூரியில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே சமயத்தில் ஃபாதரின் அங்கியைப் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"வெள்ளை வேணாம்" என்றார் ஃபாதர். கறுப்பு என்றால் கட்சி. சிவப்பு என்றால் இன்னொரு கட்சி. பச்சை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் கொடி பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். காவி என்றதும் ஆச்சாரியார் இருமினார். மிச்சமிருந்தது காக்கி. வீரமலை நெஞ்சை நிமிர்த்தி, என்.சி.சி. சீருடை தருவதாகச் சொன்னார். சீருடை என்றால் பெல்ட், தொப்பி, பாலிஷ் போட்ட பூட்ஸ் எல்லாம் சேர்த்துத்தான்.

"சார், பேய்க்குக் கால் தெரியக் கூடாது சார்."

"பூட்ஸ்தானே தெரியும். கால் எங்க தெரியப்போவுது?"

இடத்துக்குத்தான் பெரிய இழுபறி. ஹாஸ்டல் மாடிப்படியில் பேய் வந்தால் அடுத்த வருஷம் பிள்ளைகளை யார் சேர்ப்பார்கள்? மெயின் பில்டிங் படியில் ஸ்தாபகரின் படம் மாட்டியிருக்கிறது, அவர் தலைக்கு மேலே பேய் நடக்கலாமா? லைப்ரரிப் படியில் வைத்தால் ஏற்கெனவே அங்கே யாரும் போவதில்லை, இனி அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஒவ்வொரு படியாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் கலையரங்க மேடைக்கு ஏறும் மூன்று படிகள் பேய்க்கு ஒதுக்கப்பட்டன. நேரம் காலை பதினோரு மணி. பொழுது சாய்ந்தபின் வளாகத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி, பேய்க்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்.

"பேய் மணி கேக்குறது நல்ல கருத்து" என்று ஃபாதர் பாராட்டினார். "காலந்தவறாமையப் போதிக்குது. கேட்டதும் எதிர்ல இருக்கறவர் மணி பதினொண்ணுன்னு சொல்லி ரெண்டு வார்த்தை புத்திமதியும் சொல்லட்டும். பேய் நன்றி சொல்லணும். சட்டுனு மறையிறது மட்டும் வேணாம், அனுமதியில்லாம போறது தப்பான முன்னுதாரணம். சல்யூட் அடிச்சிட்டுப் போகட்டும்."

மணி சொல்லும் வேஷத்தைத் தானே செய்வதாக வீரமலை சொன்னார். யாரும் கேட்கவில்லை, சொன்னார்.

பிலோமின்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஃபாதர், இதுல பயம் எங்கேர்ந்து ஃபாதர் வரும்? பயம் வரலன்னா மார்க் வராதே."

ஃபாதர் அவனைக் கனிவோடு பார்த்தார். "பயம்கிறது உள்ளேர்ந்து வரணும்ப்பா. அதுக்குத்தானே இவ்வளவு ஒழுங்கு வெச்சிருக்கோம்."

ஆச்சாரியார் நாழியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மூக்கனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன், "ஏன்டா, நான் பேயா, வாட்ச்மேனா?" என்று கேட்டான். பிலோமின்ராஜுக்கும் தெரியவில்லை. காட்சியைப் பாதியாவது காப்பாற்றலாம், ஜன்னல்களை எல்லாம் சாத்தி இருட்டாக்கினால் காக்கியும் கறுப்பாகத் தெரியும் என்று ஒரு நப்பாசை. அதை நம்பித்தான் செவ்வாய்க்கிழமை விடிகாலையிலேயே கேமராவைத் தோளில் மாட்டி, அதன் டெக் பெட்டியை இன்னொரு தோளில் தொங்கவிட்டு, ஒரே ஒரு பேட்டரியோடு வந்து சேர்ந்தான்.

கலையரங்க வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது.

"தொடக்க விழா இல்லாம எப்படிப்பா?" என்றார் ஃபாதர். "நம்ம கல்லூரியோட முதல் வீடியோ. எல்லா டிபார்ட்மென்டுக்கும் சர்க்குலர் போயாச்சு. கேமரா சும்மாத்தானே இருக்கு? விழாவையும் எடுத்துடு."

"ஃபாதர், பேட்டரி ஒண்ணுதான் இருக்கு..."

"சுருக்கமா முடிச்சிடுவோம்."

கல்லூரியில் இதுவரை சுருக்கமாக முடிந்தது ஒன்று உண்டென்றால் அது மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைதான்.

பர்த்தலோமேயு கல்லூரி விழாக்களுக்கு ஒரு மரபு உண்டு. வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். மாணவர்கள் வெளியே பார்த்துக் கவனம் சிதறாமலிருக்க எல்லா ஜன்னல்களையும் சாத்திவிடுவார்கள். உள்ளே வந்தவன் முதுகை நாற்காலியில் சாய்க்கக் கூடாது, கைகள் முழங்கால் மேல் இருக்க வேண்டும், தலை திரும்பக் கூடாது. கண்ட இடத்தில் கைதட்டுவது, விசிலடிப்பது எல்லாம் ஒழிய வேண்டும் என்று வீரமலை கையில் ஒரு சின்னப் பூசை மணி வைத்திருப்பார். அவர் ஒருதரம் கிணுக்கினால் கைதட்ட வேண்டும். மறுதரம் கிணுக்கினால் நிறுத்த வேண்டும். வருஷக்கணக்காகப் பழகி, பையன்களுக்கு அது மூச்சுவிடுகிற மாதிரி ஆகிவிட்டது. நானூறு பேரும் ஒரே கையாகத் தட்டுவார்கள், ஒரே கையாக நிறுத்துவார்கள்.

பிரார்த்தனைப் பாட்டு, குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் வரிசையாக நடந்தன. பேட்டரியை மிச்சம் பிடிக்க, ஃபாதர் பேசுவதை மட்டும் எடுத்தால் போதும் என்று பிலோமின்ராஜ் கேமராவை ஓட்டாமல் வைத்திருந்தான். ஆச்சாரியார் வரவேற்புரையைச் சமஸ்கிருதத்தில் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் புறப்பட்டுப்போனார். ஃபாதர் செபஸ்தியான் மைக் முன் வந்து தொண்டையைச் செருமியபோது கரன்ட் போயிற்று.

ஜன்னல் எல்லாம் சாத்திய அரங்கம் கும்மிருட்டாகிவிட்டது. பையன்கள் அசையவில்லை. கரன்ட் போனால் அசையலாம் என்று விதியில் இல்லை. கோயில் பீடத்திலிருந்து இரண்டு பெரிய மெழுகுவத்திகளைக் கொண்டுவந்து, உரையைப் படிக்க வசதியாக ஃபாதரின் முகவாய்க்குக் கீழே வைத்தார்கள். மேடையில் அங்கி தெரியவில்லை, கை தெரியவில்லை. ஒரு முகம் மட்டும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளங்களோடு, இருட்டில் மிதந்தது.

"மாணவச் செல்வங்களே" என்றது முகம். "நம் கல்லூரியில் பேய் இல்லை. நாற்பது ஆண்டுகளாக இல்லை. இனியும் எம் அனுமதியின்றி வராது."

கிணுங். நானூறு பேர் கைதட்டினார்கள். கிணுங். நின்றது.

"மாணவர்களின் கற்பனைக்கு நாம் தடை போடுவதில்லை. இந்த மாணவர் பிலோமின்ராஜ் ஒரு கற்பனையோடு நம்மிடம் வந்தார். அதைத் திருத்தினோம். திருத்தியதை மறுபடி திருத்தினோம். இப்போது அதில் அவருடைய பிழை ஒன்றுகூட இல்லை. அவருடையது எதுவுமே இல்லை."

கிணுங். கைதட்டல். கிணுங்.

"என்னைக் கண்டால் மாணவர்கள் பயப்படுகிறார்கள் என்று வெளியில் சிலர் பேசுவதாக அறிகிறேன். ஒவ்வொரு வகுப்பாகப் போய் நானே கேட்டேன். ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒருவர் சொன்னார். அவர் இப்போது இங்கே படிக்கவில்லை."

கிணுங்.

"கூட்டத்தையும் காட்டுப்பா" என்று வீரமலை காதருகில் கிசுகிசுத்தார். "எத்தன பேரு கேக்குறாங்கன்னு தெரியணும்ல." பிலோமின்ராஜ் தோள் வலியோடு கேமராவைத் திருப்பினான். மெழுகுவத்தி வெளிச்சம் முன்வரிசைகளில் மட்டும் லேசாக விழுந்திருந்தது. வரிசை வரிசையாக முகங்கள். ஒரு கண்ணும் இமைக்கவில்லை. பின்வரிசைகளில் முகமும் இல்லை, முழங்கால்மேல் வைத்த கைகள் மட்டும். இவனுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. பேட்டரி முள் இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மண்டி வாசலில் லாரி வந்து நிற்பதுதான் அவன் மனசில் ஓடியது.

"எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது என்கிறார்கள்" என்று முகம் தொடர்ந்தது. "நான் எங்கும் போக மாட்டேன். இந்த உடலைவிட்டு உயிர் பிரிந்தாலும் இந்த வராந்தாக்களில்தான் உலாவிக்கொண்டிருப்பேன். உங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருப்பேன்."

கிணுங்.

நன்றியுரையில் மெழுகுவத்தி உட்பட எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. பேட்டரியில் ஒரு மடக்கு உயிர்தான் பாக்கி. இருட்டாவது இருக்கிறதே என்று பிலோமின்ராஜ் மூக்கனைப் படிக்குக் கீழே நிறுத்தி, கேமராவை வைத்து, "ஆரம்பி" என்றான். அந்த நிமிஷம் கரன்ட் வந்தது. அரங்கத்தில் இருந்த அத்தனை டியூப்லைட்டும் சேர்ந்து எரிந்தன. பூட்ஸ் சத்தம் தடதடக்க மூக்கன் மூன்று படி ஏறினான், சல்யூட் அடித்தான், "மணி என்ன சார்?" என்றான். வீரமலை வாட்சைப் பார்த்தார். நிஜ மணி பன்னிரண்டாகப் போகிறது. தீர்மானத்தில் பதினொன்று என்று இருந்ததால் அவர் பதினொன்று என்றே சொல்லி, லேட்டாக வருகிறவன் உருப்பட்டதில்லை என்று புத்திமதியும் சொன்னார். பேய் நன்றி சொல்லிவிட்டு லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டு போயிற்று. பேட்டரி செத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று பிலோமின்ராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை தேர்வு. மதுரையிலிருந்து வியாகுலம்மாள் என்ற பேராசிரியை வந்திருந்தார். வெளித் தேர்வாளர் அவர்தான், மார்க் அவர் கையில். முதல்வர் அறையிலேயே டி.வி.யும் டெக்கும் வைத்திருந்தார்கள். சர்ட்டிபிகேட் கொடுப்பதைப் பார்க்கப் பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்ததால் அற்புதசாமி சலவை வேட்டியோடு வந்து, "தோத்திரம் சாமி" என்று ஃபாதரைக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார். கோர்ட்டும் தாய் செத்ததும் முடிந்து, பிலோமின்ராஜின் கேசட் உள்ளே போயிற்று. ஓட்டிவிட்டுப் பேய் வருகிற இடத்தில் நிறுத்தலாம் என்று அவன் கையை நீட்டினான்.

"ஃபாதர் உரைய ஓட்டி விடுறதா? முதல்லேர்ந்து போடு" என்றார் வீரமலை.

முதலிலிருந்து ஓடியது. திரை இருட்டாக இருந்தது. முகம் மிதந்தது. வியாகுலம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். முதல் மணி கிணுங்கி, கைதட்டல் எழுந்து, வெட்டின மாதிரி நின்றபோது அவர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இமைக்காத முகங்கள் வரிசை வரிசையாகத் திரையில் நகர்ந்தபோது, "மரியே மாதாவே" என்று முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு டியூப்லைட் எரிந்து மூக்கன் சல்யூட் அடித்ததும்தான் அந்த அம்மாளுக்கு மூச்சு வந்தது. ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

"கடைசில வர்ற அந்த என்.சி.சி. பையன் துண்டு எதுக்கு தம்பி? அதுவரைக்கும் கட்டியிருந்தது அதுல கெட்டுடுது. வெட்டிடுங்க" என்றார். "மத்தபடி, இருபது வருஷமா பாடம் நடத்துறேன், இப்படி ஒரு பேய்ப் படத்த நான் பாத்ததில்ல. செத்தவங்கல்லாம் சபை கூடி உக்காந்திருக்காங்க, ஒரு பெரிய பேய் அவங்களுக்கு உத்தரவு போடுது. அந்தக் கைதட்டலுக்கு எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. அத்தன பேருக்கும் எப்படி சொல்லிக்குடுத்தீங்க?"

பிலோமின்ராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் அந்த அம்மாள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அந்தப் பெரிய பேய் யாரு? முகம் சரியாத் தெரியல. நடிப்புன்னே சொல்ல முடியாது. ‘அவர் இப்போது இங்கே படிக்கவில்லை’ங்கிறாரு பாருங்க, அதுல இருக்கு வசனம்."

வீரமலை தன் பூட்ஸைப் பார்த்தார். அற்புதசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபாதர் செபஸ்தியான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை இடமிருந்து வலமாக நகர்த்தி வைத்தார். தொடக்க விழா என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்த அம்மாள் நடுங்கியது எதைப் பார்த்து என்று அடுத்த கேள்வி வரும்.

"நான்தான்" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், நீங்களா? எத்தன நாள் ஒத்திகை பாத்தீங்க?"

"பதினாலு வருஷமாங்க மேடம்" என்றார் வீரமலை. அவருக்கு மறைக்கத் தெரியாது.

வியாகுலம்மாள் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். தாளை இழுத்து வைத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மண்டி இல்லை. லாரி இல்லை. மெட்ராஸ். அப்பாவைப் பார்த்தான். அற்புதசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் மகன் ஒரு காரியத்தை முழுசாக முடித்து அவர் அன்றுதான் பார்க்கிறார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த அம்மாள் புறப்பட்டுப்போனதும் ஃபாதர் எழுந்து வந்து பிலோமின்ராஜின் தோளில் கைபோட்டார். அவர் முகத்தில் இதுவரை யாரும் கண்டிராத ஒரு மலர்ச்சி.

"எனக்குள்ள இருந்தத நீதான்ப்பா வெளிய கொண்டுவந்திருக்க. உன்ன நான் விடமாட்டேன்" என்றார். "மீடியா அசிஸ்டென்டுன்னு ஒரு போஸ்ட் உண்டாக்கப் போறேன். திங்கக்கிழமைதோறும் நான் பேசுறத நீ எடுக்கணும். மத்த நாள்ல அதப் போட்டுப் பிள்ளைங்களுக்குக் காட்டணும். நிரந்தர வேலை. நான் இருக்கிற வரைக்கும் நீ இங்கதான். நான் போனாலும் நீ இங்கதான். சர்ட்டிபிகேட் எதுக்கு இப்ப, ஆபீஸ்லயே பத்திரமா இருக்கட்டும். வெளிய போறவனுக்குத்தான் அது வேணும்."

"சாமி, நீங்க நல்லா இருக்கணும்" என்றார் அற்புதசாமி. "காலேஜ் உத்தியோகம்டா. இதவிட்டுட்டு மெட்ராஸ் எதுக்குடா உனக்கு?"

பெரிய அறிவிப்பு ஒன்று முடிந்துவிட்டது என்று வீரமலையின் கைக்குத் தோன்றியிருக்க வேண்டும். பைக்குள்ளிருந்த மணியை எடுத்துக் கிணுக்கினார். அறைக்குள் நின்றிருந்த பியூன் கைதட்டினார். வாசலில் காத்திருந்த பையன்கள் கைதட்டினார்கள். மூக்கன் கைதட்டினான். முன்பின் பழக்கமில்லாத அற்புதசாமியும், எல்லோரையும் பார்த்துக் கைதட்டினார். மறுபடி கிணுங். நின்றது.

பிலோமின்ராஜ் கீழே பார்த்தான். அவனுடைய இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே, ஒன்றோடு ஒன்று ஒட்டினபடி நின்றிருந்தன. அவனும் தட்டியிருக்கிறான். எப்போது தூக்கினான், யார் தூக்கச் சொன்னது, ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சில்லென்று ஏதோ இறங்கிற்று.

"அப்பா, மண்டிக்குப் போலாம், வாங்க" என்றான்.

"என்னடா சொல்ற? சர்ட்டிபிகேட்டு..."

"வேணாம்ப்பா. அது இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல லாரிக்கு நானே வந்து நிக்கிறேன்."

ஃபாதர் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டும்வரை ஓட்டமும் நடையுமாகப் போனான். ஒன்றும் புரியாமல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்த அற்புதசாமி, பஸ் ஸ்டாப்பில்தான் மகனைப் பிடித்தார். மகனின் முழங்கையைத் தொட்டவர், தொட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டார். மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"பட்டப் பகல்ல எதடா கண்டு இப்படிப் பயந்த?" என்று கேட்டார்.

பிலோமின்ராஜ் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டு, மார்க்கெட் போகிற பஸ்ஸில் ஏறினான்.